வலிப்பு வராத நாட்கள்

நரம்பியல் டாக்டரின் அறையில் ஒரு வலிப்பு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். அதில் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "போன தடவைக்கு அப்புறம் ஃபிட்ஸ் வந்துச்சா?" வரவில்லை என்றால், "வெரி குட், அதே மாத்திரையை கண்டின்யூ பண்ணுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க." வந்திருந்தால் டோஸ் கூடும், அல்லது இன்னொரு மாத்திரை சேரும். அவ்வளவுதான். அடுத்த டோக்கன்.

இதில் தப்பு சொல்வதற்கில்லை. வலிப்பை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஆனா ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வருடத்துக்கு நான்கு முறை வலிப்பு வருகிறது, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு நிமிடம். ஒரு வருடத்தில் இருப்பது 5,25,600 நிமிடங்கள். மீதி 5,25,592 நிமிடங்களில் அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதைப் பற்றி அந்த அறையில் பெரும்பாலும் பேச்சே எழுவதில்லை.

என் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சர்வர் விழாமல் ஓடுகிறது என்று டாஷ்போர்டு பச்சையாகக் காட்டும். உள்ளே ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் வர நாற்பது செகண்ட் ஆகிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் கத்துவார். நாமோ, "சார், டவுன்டைம் ஜீரோ" என்போம்.

உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முறையாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. நல்ல செய்திதான். நான் எழுத வந்தது அந்த நல்ல செய்திக்குப் பிறகும் மிச்சம் இருக்கிற மூன்று விஷயங்களைப் பற்றி: உடம்பு அசதி, மனச்சோர்வு, மந்தமாகிப் போகும் ஞாபகமும் கவனமும்.

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.ஈ., வேலை சாஃப்ட்வேர். என் சித்தப்பா மகனுக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பதால் ஐந்தாறு வருடமாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்து வருகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் அவனைப் பற்றி இங்கே இரண்டு இடத்தில் சொல்கிறேன்.

முதலில், என்னை இந்தத் திசையில் திருப்பிய கண்டுபிடிப்பு. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஃபிராங்க் கில்லியம், மருந்துக்கு முழுதாக அடங்காத வலிப்பு உள்ளவர்களிடம் 2002ல் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். இவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை எது தீர்மானிக்கிறது? மாதத்துக்கு எத்தனை வலிப்பு என்பதுதான் விடையாக இருக்கும் என்று யாரும் நினைப்போம். வந்த விடை: மனச்சோர்வும் மருந்தின் பக்க விளைவுகளும். வலிப்பின் எண்ணிக்கை அந்த அளவுக்குப் பொருட்டாகவே இல்லை. 2004ல் போய்லான் குழுவினர் இன்னொரு இடத்தில் செய்து பார்த்ததிலும் கிட்டத்தட்ட இதேதான். இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வலிப்பு அடியோடு நின்று போனால் வாழ்க்கை நிஜமாகவே மாறுகிறது. வண்டி ஓட்டலாம், தனியாக வெளியே போகலாம். ஆனால் மாதம் நான்கு என்பது இரண்டாகக் குறைந்தால் நோயாளியின் வாழ்க்கை பாதி நன்றாகிவிடும் என்று எண்ணுவது டாக்டரின் கணக்கு. நோயாளியின் கணக்கு வேறு.

முடியல

தமிழில் இந்தப் பிரச்சினை இன்னும் சிக்கலாவதற்கு நம் மொழியே ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அசதி, களைப்பு, அலுப்பு, சோர்வு, இதெல்லாம் உடம்புக்கு. டிப்ரஷனுக்கு நாம் வைத்திருக்கும் சொல் மனச்சோர்வு. அதற்குள்ளேயும் சோர்வு உட்கார்ந்திருக்கிறது. அதுகூடப் பத்திரிகை பாஷைதான். வீட்டில் யாரும் "எனக்கு மனச்சோர்வாக இருக்கிறது" என்று சொல்வதில்லை. "முடியல" என்பார்கள். மாடி ஏற முடியாவிட்டாலும் முடியல. காலையில் எழுந்து உலகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் முடியல. நாலு வரி படித்தால் மூன்றாவது வரியில் முதல் வரி மறந்து போனாலும் முடியல. இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கலாம், அல்லது ஒன்றே மூன்று வேஷம் போடலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் மொத்த விஷயமும்.

என் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. டாக்டரின் ஃபைலில் அவன் வெற்றிக் கதை. நிஜத்தில் மதியம் மூன்று மணிக்கு மேல் அவனால் ஒரு பில்லைச் சரிபார்க்க முடியாது. தெரிந்த ஆளின் பெயர் வாயில் வராது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடப்பான். வீட்டில் இதற்குச் சொன்ன விளக்கம், "மாத்திரை சாப்பிடுறவன், அப்படித்தான் இருப்பான்." இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொன்னவர்கள், "சோம்பேறி."

அசதியிலிருந்து ஆரம்பிக்கலாம். முதலில் தூக்கக் கலக்கமும் அசதியும் ஒன்று இல்லை. தூக்கம் வருகிறவர் படுத்தால் தூங்குவார், எழுந்தால் தெளிவார். அசதி உள்ளவர் படுத்தாலும் தூக்கம் வராது, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது. இதை அளப்பதற்கு 1989ல் லாரன் கிரப் குழுவினர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், லூபஸ் நோயாளிகளுக்காகச் செய்தது. பிறகு வலிப்பு நோய்க்கும் பயன்படுத்தினார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வலிப்பு உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க அசதி இருக்கிறது. பாதிப் பேர்! அப்படியும் வலிப்பு நோய் என்றதும் நம் மனதில் வரும் பட்டியலில் அசதிக்கு இடமே இல்லை.

எங்கிருந்து வருகிறது இந்த அசதி? ஒரு காரணம் வலிப்பேதான். வலிப்பை அடக்க மூளை பயன்படுத்தும் பொருட்களில் ஒன்று அடினோசின். நமக்கு இரவில் தூக்கம் வரவழைப்பதும் அதே அடினோசின்தான் (காபி வேலை செய்வது அதைத் தடுத்துத்தான்). அதனால் வலிப்புக்குப் பிறகு அடித்துப் போட்டது போல் தூங்குவதில் ஆச்சரியமில்லை. ராத்திரி தூக்கத்தில் வரும் வலிப்புகள் பல பேருக்குத் தெரியவே தெரியாது. காலையில் நாக்கோரம் கடிபட்டிருக்கும், உடம்பு வலிக்கும், தலை பாரமாக இருக்கும். "சரியாத் தூங்கல போல" என்று போய்விடுவார்கள்.

இரண்டாவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா. 2000ல் பெத் மாலோ குழுவினர், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 39 பேரை இரவு முழுக்கத் தூக்க ஆய்வு செய்தபோது மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும். வலிப்பும் சில மருந்துகளால் ஏறும் எடையும் தூக்கத்தைக் கெடுக்கும். இதற்கு மாஸ்க் வைத்த மெஷின் சிகிச்சை இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. "குறட்டை விடுறீங்களா?" என்பது நரம்பியல் ஓ.பி.யில் அபூர்வமான கேள்வி.

மூன்றாவது மருந்துகள். இதில் நேரடியாக மந்தமாக்குபவை உண்டு: பழைய பீனோபார்பிடோன், குளோபசாம் மாதிரியானவை. சுற்றி வளைத்து அசதி தருபவையும் உண்டு. கார்பமசிபின், குறிப்பாக ஆக்ஸ்கார்பசெபின், ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக் கூடும். ஃபெனிடாயின் மாதிரியான மருந்துகள் வைட்டமின் டி அளவைக் குறைக்கும். வால்புரோயேட் சிலருக்கு அம்மோனியாவைக் கூட்டும். மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயங்கள். கூடவே ரத்தசோகையும் தைராய்டும்; அவை வலிப்பு உள்ளவருக்கு வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஆனா ஆய்வுகளில் அசதியோடு மிக நெருக்கமாகக் கைகோத்துத் திரும்பத் திரும்ப வருவது தூக்கத்தின் தரமும் மனச்சோர்வும்தான். வலிப்பின் எண்ணிக்கை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

இருபக்கம் போகும் பாதை

வலிப்பு வந்தால் கவலைப்படத்தானே செய்வார்கள், அதனால் மனச்சோர்வு வருவது இயல்புதானே என்று தோன்றும். அது பாதி உண்மை. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாக 2013ல் ஃபீஸ்ட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கு மேல். கவலை மட்டும் காரணம் என்றால் வலிப்பு முதலில் வர வேண்டும், மனச்சோர்வு பிறகு வர வேண்டும். டேல் ஹெஸ்டார்ஃபர் குழுவினர் ஐஸ்லாந்தில் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வு இதைத் திருப்பிப் போட்டது. முதல் வலிப்பு வருவதற்கு முன்பே மனச்சோர்வோ தற்கொலை முயற்சியோ இருந்தவர்களுக்கு, பிற்காலத்தில் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பாதை இருபக்கமும் போகிறது. இரண்டுக்கும் அடியில் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். செரட்டோனின், மன அழுத்த ஹார்மோன்கள், ஹிப்போகாம்பஸ் சுருங்குவது, இந்த மூன்றும் இரண்டு நோய்களிலும் காணப்படுகின்றன. மெலன்கலிக்காரர்களுக்கு வலிப்பும் வலிப்புக்காரர்களுக்கு மெலன்கலியும் வருவதைப் பழைய கிரேக்க மருத்துவ நூல்களே கவனித்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடம் கழித்து நாம் புள்ளிவிவரத்தோடு அதே இடத்துக்கு வந்திருக்கிறோம்.

வலிப்பு உள்ளவருக்கு வரும் மனச்சோர்வு எப்போதும் பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருப்பதில்லை. அழுகை, துக்கம் என்று வராமல் எரிச்சலாக வரும். சில நாள் நன்றாக இருப்பார், சில நாள் சின்ன விஷயத்துக்கு வெடிப்பார், பிறகு தானாகவே அடங்குவார். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் நூறு வருடத்துக்கு முன்பே இதை விவரித்திருக்கிறார். வலிப்பு வந்து முடிந்த பிறகு ஒரு நாள் முழுக்க இருண்டு போவதும் உண்டு. 2004ல் ஆண்ட்ரஸ் கேனர், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 100 பேரை விசாரித்தபோது 43 பேர் வலிப்புக்குப் பிறகு மனச்சோர்வின் அறிகுறிகள் வருவதாகச் சொன்னார்கள். வீட்டில் இதற்கெல்லாம் வைக்கும் பெயர் "முன்கோபம்" அல்லது "அவங்க அப்பா மாதிரியே."

மருந்தும் இதில் பங்கு வகிக்கும். இன்று மிக அதிகமாக எழுதப்படும் மருந்துகளில் ஒன்று லெவிடிராசிடம். பல வகைகளில் நல்ல மருந்து. மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது, வேகமாக டோஸ் ஏற்றலாம். ஆனால் ஒரு பகுதியினருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு கொண்டு வரும். எல்லாருக்கும் வராது. வருகிறவர் வீட்டில், "மாத்திரை மாத்தினதுல இருந்து ஆளே மாறிட்டாரு" என்பார்கள். அதை அப்படியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் லாமோட்ரிஜின், மனநிலைக்குச் சற்று உதவியாகவே இருக்கும் மருந்து. பைபோலார் நோய்க்கும் அதைத் தருகிறார்கள். அதை மிக மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஆபத்தான தோல் அலர்ஜி வரலாம்.

2008ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 11 வலிப்பு மருந்துகள் பற்றிய 199 ஆய்வுகளைத் தொகுத்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 0.43 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 0.22 சதவீதம். "இரண்டு மடங்கு" என்று தலைப்புச் செய்தி ஆகும் எண். இன்னொரு விதத்தில் படித்தால், சுமார் 500 பேருக்கு ஒருவர் கூடுதல். இதைப் பார்த்து மருந்தை விட்டவர்களுக்கு நேரும் ஆபத்து இதை விடப் பெரியது. அதற்குப் பிறகு வருகிறேன். அந்த எச்சரிக்கையை மருந்துக்குப் பயப்படச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கவனிக்கச் சொன்னது, அவ்வளவுதான். டென்மார்க்கில் நாடு முழுக்க உள்ள பதிவேடுகளை வைத்து 2007ல் வந்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு இருந்தது. மிக அதிக அபாயம், நோய் என்று கண்டுபிடித்துச் சொன்ன முதல் ஆறு மாதத்தில். முதல் ஆறு மாதம் என்பது நாம் எல்லாரும் வலிப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும் காலம்.

கில்லியம் குழுவினர் 2006ல் இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். ஆறே கேள்விகள், மூன்று நிமிடத்தில் நிரப்பலாம். அதில் எனக்குப் பிடித்தது அதில் என்ன இல்லை என்பதுதான். வழக்கமான மனச்சோர்வுக் கேள்வித்தாளில் தூக்கம் எப்படி, பசி எப்படி, அசதி உண்டா, கவனம் நிற்கிறதா என்றெல்லாம் இருக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் யாரும் இவற்றுக்கு "ஆமாம்" போட்டுவிடுவார். மாத்திரையே அதைச் செய்யும். ஆகவே அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, குற்ற உணர்ச்சி, எதிலும் சந்தோஷம் இல்லாமை, செத்தால் தேவலை என்ற நினைப்பு போன்றவற்றை மட்டும் வைத்தார்கள். ஆறு கேள்விக்கும் சேர்த்து 24 மார்க். 15க்கு மேல் வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். சத்தத்தை வடிகட்டி சிக்னலை மட்டும் எடுப்பது என்றால் இதுதான்.

"டிப்ரஷன் மாத்திரை போட்டா ஃபிட்ஸ் வந்துடும்" என்ற பயம் நோயாளிகளிடம் மட்டும் இல்லை, சில டாக்டர்களிடமும் இருக்கிறது. ஓரிரு மருந்துகளுக்கு அது நியாயமான பயம்: பியூப்ரோபியான், அதிக டோஸில் குளோமிப்ரமின். செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு அந்தப் பயம் பொருந்தவில்லை. கென்னத் ஆல்ப்பர் குழுவினர் 2007ல் எஃப்.டி.ஏ.விடம் இருந்த 75,000க்கும் மேற்பட்டவர்களின் தகவலைப் பார்த்தார்கள். மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களை விட வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே வலிப்பு அதிகமாக வந்திருந்தது. அவர்கள் மனநல நோயாளிகள், வலிப்பு நோயாளிகள் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களிடமே செய்த ஆய்வு 2019ல் வந்தது, மறுபடி கில்லியம் குழுதான். 140 பேர். ஒரு பகுதிக்கு செர்ட்ராலின், மற்றவர்களுக்கு சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை. இரண்டு பக்கமும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மனச்சோர்வு விலகியது, மருந்து வலிப்பைக் கூட்டவும் இல்லை. சிகிச்சை செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறதி யாருடைய குற்றம்?

மறதி பற்றி நோயாளி எப்போதும் சொல்வது "மாத்திரைதான் சார் மூளையை மழுக்குது." ஓரளவு சரி. ஆனால் ஜெர்மனியின் பான் நகரில் ஹெல்ம்ஸ்டேட்டரும் விட்டும், புதிதாக வலிப்பு கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் ஒரு மாத்திரை கூட எடுக்காத 247 பேரைச் சோதித்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அப்போதே கவனத்திலோ ஞாபகத்திலோ குறை இருந்தது. ஆக, வலிப்பை உண்டாக்கிய அதே கோளாறு, அது தழும்போ பிறவிக் குறையோ, ஞாபகத்தையும் ஏற்கெனவே தொட்டுவிட்டிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் ஈ.ஈ.ஜி.யில் முள் முள்ளாக ஸ்பைக் வரும். 1984ல் ஆர்ட்ஸ், பின்னி குழுவினர் நோயாளிகளுக்கு ஞாபகச் சோதனை கொடுத்துக்கொண்டே ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். ஸ்பைக் வரும் அந்த விநாடியில் தப்பு கூடியது. இடது பக்கம் வந்தால் சொற்களில் தடுமாற்றம், வலது பக்கம் வந்தால் இடம், உருவம் சம்பந்தமானவற்றில். வகுப்பில் ஒரு பையன் நாளுக்கு நூறு தடவை ஒரு விநாடி விட்டுவிட்டால் அவனுக்கு என்ன மார்க் வரும்?

மருந்துக்கு வருவோம். டோபிரமேட் சொல்லைத் தட்டிப் பறிக்கும், பேசிக்கொண்டே இருக்கும்போது "அது... அந்த..." என்று நிற்பார்கள். சோனிசமைடிலும் கொஞ்சம் அப்படி. பீனோபார்பிடோன் பற்றி 1990ல் வந்த ஃபார்வெல் ஆய்வு நான் மறக்காத ஒன்று. காய்ச்சல் வலிப்பு வந்த 217 குழந்தைகள். இது வலிப்பு நோய் அல்ல, ஆனாலும் அந்தக் காலத்தில் முன்னெச்சரிக்கையாகத் தினம் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, மருந்துக் குழுவின் சராசரி ஐ.க்யூ. வெற்று மருந்துக் குழுவை விட 8.4 புள்ளி குறைவு. வலிப்பு மீண்டும் வருவதையும் மருந்து குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதற்காக இதைக் கெட்ட மருந்து என்று தள்ளவும் முடியாது. 1912லிருந்து பயன்படும் மருந்து, விலை மிகக் குறைவு, பல ஏழை நாடுகளில் பலருக்கு அதுவும் இல்லையென்றால் எதுவும் இல்லை. இதுதான் என்று ஒரு மருந்தைக் குற்றவாளியாக்குவதை விட, எத்தனை மருந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணுவது பயன் தரும். மாத்திரை வகைகள் ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற ஏறக் கவனமும் வேகமும் படிப்படியாக இறங்குவதை பான் குழுவே பிறகு காட்டியது.

இப்போது முடிச்சின் நடுப்பகுதி. "எனக்கு ஞாபகமே இல்லை" என்று சொல்பவரை உட்கார வைத்துச் சோதித்தால், பல சமயம் மார்க் சராசரியாக வருகிறது. மார்க் நிஜமாகவே குறைவாக இருப்பவர் சில சமயம் குறையே சொல்வதில்லை. புகார் மார்க்கோடு பொருந்துவதை விட மனச்சோர்வோடு நன்றாகப் பொருந்துகிறது. பல ஆய்வுகளில் இது வந்திருக்கிறது. மனச்சோர்வு கவனத்தைத் தின்கிறது. கவனிக்காத விஷயம் பதிவாகாது. பதிவாகாததை மறதி என்கிறோம்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் ஒருவர், "டெஸ்ட் நார்மல், உங்களுக்கு மனசுதான் சரியில்லை" என்று அனுப்பிவிட்டால் அதுவும் அநியாயம். 2000ல் பிளேக் குழுவினர் ஒரு கதையைச் சொல்லி, அரை மணி நேரம் கழித்து ஒரு முறையும் எட்டு வாரம் கழித்து ஒரு முறையும் கேட்டார்கள். இடது டெம்போரல் பகுதியில், அதாவது இடது காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்தில், வலிப்பு தொடங்குபவர்கள் அரை மணி நேரத்தில் மற்றவர்கள் போலவே சொன்னார்கள். எட்டு வாரத்தில் அவர்களிடம் கதை கரைந்து போயிருந்தது. வழக்கமான ஞாபகச் சோதனை அரை மணி நேரத்தோடு முடிந்துவிடும். அதாவது நோயாளி சொல்லும் மறதி நிஜம், சோதனையின் கால அளவு போதவில்லை. "போன வருஷம் போன கல்யாணம் எனக்கு ஞாபகமே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவரை நம்பி விசாரிப்பதே சரி.

ஞாபகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு வலிப்பு நோயாளிகள் கொடுத்த கடன் என்பதையும் சொல்ல வேண்டும். 1953ல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. 2008ல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. வலிப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதுவும் ஒரு வெற்றிதான்.

அவிழ்ப்பது எப்படி

பிழை திருத்துவதில் பழைய விதி ஒன்று: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதற்கு முன், எப்போது ஆரம்பித்தது என்று பார். அசதி மாத்திரை தொடங்கிய வாரத்தில் வந்ததா, டோஸ் ஏற்றிய பிறகா, அதற்கெல்லாம் முன்பே இருந்ததா? இந்தத் தேதிகளை டாக்டர் யூகிக்க முடியாது, நோட்டில் இருந்தால்தான் உண்டு.

தம்பி விஷயத்தில் மூன்று நூல் இருந்தது. முதல் மருந்தோடு சேர்த்திருந்த டோபிரமேட், அவன் மனைவி மட்டும் அறிந்த குறட்டை, யாரிடமும் சொல்லாத மனச்சோர்வு. வேறொரு டாக்டர் நிதானமாகக் கேட்டார். இரண்டாவது மருந்தை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறக்கினார், தூக்க ஆய்வுக்கு அனுப்பினார், மனநல மருத்துவரிடமும் அனுப்பினார். ஞாபகம் பழையபடி ஆகவில்லை. பெயர்கள் திரும்பி வந்தன. மதியம் மூன்று மணிக்குப் பிறகும் இப்போது பில் பார்க்கிறான்.

"மெல்ல மெல்ல" என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், பாதியாக்கவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம். அது உயிர் போகும் அவசரம். வலிப்பு உள்ள பெரியவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் திடீரென்று இறக்கிறார், அடங்காத பெருவலிப்பு அதற்கு முக்கியமான காரணி. மாத்திரை மந்தமாக்குகிறது என்றால் மாற்று மருந்து உண்டு, டோஸ் உண்டு, நேரம் மாற்றுவது உண்டு.

நம் ஊரில் ஒரு சுமை கூடுதல்: மறைத்து வைப்பது. 1976ல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் வைத்துத் திருமணத்துக்குத் தடையாக்கியது. 1999ல்தான் அந்தச் சொல்லை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது, பெண் பார்க்கப் போகும் வீட்டிலிருந்து போகவில்லை. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்து, மாமியார் தூங்கிய பிறகு சாப்பிடும் பெண்ணிடம் போய் "ஏன் சோர்வா இருக்கே?" என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? அந்த மருந்தின் பக்க விளைவு எந்தச் சீட்டிலும் அச்சடித்திருக்காது.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது ஏறியது. அசதி நாளின் எந்த நேரத்தில் அதிகம். சொல் தடுமாறுகிறதா, முகம் மறக்கிறதா, போன மாதம் நடந்தது மறக்கிறதா. மூன்றும் வேறு வேறு. கடந்த இரண்டு வாரத்தில் செத்தால் தேவலை என்று தோன்றியதா. தோன்றியிருந்தால் அப்பாயிண்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். சோடியம், வைட்டமின் டி, ஹீமோகுளோபின், தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தது என்பதையும் எழுதுங்கள். தாளை ஐந்து நிமிடம் தொடங்கும்போதே மேசை மேல் வையுங்கள், எழுந்திருக்கும்போது நீட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். இரவில் உங்கள் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை விட்டீர்களா, தூக்கத்தில் கை கால் வெட்டியதா, மாத்திரை மாற்றியதிலிருந்து ஆள் மாறிவிட்டீர்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.